உப்பும் ஐஸும் ஒரு சைக்கிள் பிரேக்கும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் உறைபனி விழாது. மார்கழி விடியலில் காதைத் துண்டால் மூடிக்கொள்ளும் அளவுக்குக் குளிரும், அவ்வளவுதான். ஆனாலும் கனடாவிலோ நார்வேயிலோ பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பிரேக்கைப் பற்றிப் புலம்புவதைப் படிக்கும்போதெல்லாம், இங்கிருந்து பொன்னேரிக்கு மீன் ஏற்றிப் போன சைக்கிள்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். இரண்டு இடத்திலும் பிரேக்கைக் கெடுத்தது ஒரே ஜோடி: ஐஸும் உப்பும்.

குளிர்நாட்டில் நடப்பது இது. பிரேக் ஒயர் ஓடும் குழாய்க்குள் ஈரம் புகுந்து உறைந்துவிடும். பிடியை அழுத்தினால் அசையாது. அசைந்தாலும் திரும்பி வராது. ரிம்மின் மேல் மெல்லிய பனிப் படலம் படிந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். தெருவில் பனி இறுகாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு போதுமான அளவு கலந்த நீர் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாமல் நிற்கும். அமெரிக்க நகரங்களில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது பரவலான பழக்கமானது. தெரு பிழைத்தது, அந்த உப்புத் தண்ணீர் தெறித்த இரும்பெல்லாம் துருப்பிடித்தது.

நம்ம ஊரில் ஐஸ் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஐஸ் ஹவுஸ் எழுந்தது. உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்த அந்த ஐஸ் துரைமார்களின் கோப்பைக்குப் போனது. மீனவனுக்கு அப்போது உப்புதான் ஐஸ். விற்காத மீன் கருவாடாகும். இயந்திர ஐஸ் மலிவாகி மீன்கூடைக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

வந்த பிறகு சைக்கிளின் பாடு திண்டாட்டமானது. பின் கேரியரில் மீன் பெட்டி. ஐஸ் உருக உருக, மீனின் உப்பும் ஏரித் தண்ணீரின் உப்பும் கலந்து சொட்டும். நேராகப் பின்சக்கர ரிம்மில்தான் சொட்டும். பொன்னேரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழி முழுக்கச் சொட்டும்.

அந்த சைக்கிளின் பூர்விகம் இங்கிலாந்து. பர்மிங்காமில் 1910இல் தொடங்கிய ஹெர்குலிஸ் கம்பெனியின் பெயரில், அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிகளைச் செய்தது. அதில் இருந்தது கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, ரிம்மின் உட்புறத்தில் ரப்பர் கட்டைகளைப் பதிய வைக்கும். ஒயரும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் ஈரம் உள்ளே தங்கி உறைகிற தொல்லையும் இல்லை. சுத்தியலும் ஸ்பேனரும் உள்ள எந்த மரத்தடிக் கடையிலும் சரிசெய்துவிடலாம். ஆனால் மூட்டுகள் எல்லாம் திறந்தே கிடக்கும். ரிம்மோ குரோம் பூசிய இரும்பு. நனைந்துவிட்டால் ரப்பருக்குப் பிடிமானமே இருக்காது. பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறும். அந்தத் துரு கட்டையை அரைத்துத் தின்னும்.

இதற்கான வைத்தியத்தை நான் என் மாமாவிடம் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் உரச்சாக்கை மடித்து, தண்ணீர் ரிம்மில் விழாமல் பக்கவாட்டில் வடிகிற மாதிரி கட்டுவார். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, மூட்டுகளுக்கு மட்டும் எண்ணெய் விடுவார். நான் உதவப் போனால் ஒரே அதட்டல்: “டேய், எண்ணெ மூட்டுக்குத்தான், கட்டைக்கு இல்ல! கட்டையில பட்டா நான் பஸ்ஸுக்கு அடியிலதான் போவேன்.” அது விளையாட்டுப் பேச்சில்லை. பின்னால் ஐம்பது கிலோ இருக்கும்போது முன்னே போகிற பஸ் திடீரென்று நின்றால், பிரேக் பிடிக்காதவனுக்கு மிச்சம் செருப்புக்கால்தான். அதை முன் டயரில் வைத்து அழுத்துவார்கள். தேய்ந்துபோன செருப்பைப் பார்த்தே பிரேக்கின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் ஃபிக்டல் - சாக்ஸ் கம்பெனி 1903இல் டார்பீடோ என்ற பின்சக்கர ஹப்பைக் கொண்டுவந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்கு உள்ளேயே பிரேக் பிடிக்கும். மழையும் பனியும் அதைத் தொடுவது கஷ்டம். ஹாலந்தில் இன்றும் அந்த வகை சைக்கிள்கள் ஏராளம். அந்த டச்சுக்காரர்கள்தான் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள். 1825இல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். பெடல் வைத்த சைக்கிள் அப்போது பிறக்கவே இல்லை. நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயரின் கம்பி பிரேக்.

மீன்காரருக்கு மூடிய பிரேக் கிடைத்தது மொபெட்டில்தான். ஓசூரிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொழில்நுட்ப வரலாற்றில் இதையெல்லாம் முன்னேற்றம் என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். 1903க்கும் 1980க்கும் நடுவில் உள்ள இடைவெளியை உரச்சாக்காலும் கந்தல் துணியாலும் செருப்புக்காலாலும் நிரப்பியவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. வேறு யாரோ ஒருவரின் ஊர் மழைக்குச் செய்த பிரேக்கை, நம்ம ஊர் உப்புக்குப் பழக்கியவர்கள் இவர்கள்.

டிரம் பிரேக்கும் உப்பிலிருந்து முழுசாகத் தப்பவில்லை. ஐப்பசியில் ஏரி நிறைந்து ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அதற்குள்ளும் நீர் புகும். அதைத் தாண்டி வந்ததும் மீன் வண்டிக்காரர்கள் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டுவதைப் பார்க்கலாம். உரசுகிற சூட்டில் ஈரம் காய்ந்த பிறகுதான் வேகமெடுப்பார்கள்.