ஆட்டப் பெட்டியும் அயல்நாட்டு நட்பும்

பிற மொழி வழங்கும் மண்ணில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை விரைவில் விளங்கிவிடும். ஊராரின் மதிப்பைப் பொருளால் மட்டும் பெற இயலாது. ஆண்டுகள் பல உடனிருந்து, நட்டம் வந்த காலத்தும் அகலாது நின்றே பெறவேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இதனை ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம்மிற் சிலர் தொழில் நாடி வந்தோர். சிலர் இருந்த இடத்திலேயே இருக்க, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதும், 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும் எல்லைக்கோடு நகர்ந்து வந்தது. எவ்வாறாயினும் நம் முன்னோர் அண்டை அயலாரோடு கலந்து நிலைபெற்றனர். இதே பாடத்தை உலகப் பெருநிறுவனம் ஒன்று பெரும்பொருள் செலவிட்டுக் கற்க நேர்ந்தது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

தொலைக்காட்சியோடு இணைத்து நம் பிள்ளைகள் ஆடும் பெட்டியைக் கன்சோல் என்பர். பெட்டி எத்துணை ஆற்றல் உடையதாயினும், அதற்கென ஆட்டம் படைப்போர் இல்லையேல் அது வெறும் பெட்டியே. இதனை நன்குணர்ந்தவர் ஜப்பானியர். கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1983இல் ஃபாமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. தானே ஆட்டங்கள் படைத்ததோடு, பிறரையும் படைக்கச் செய்தது. 1991இல் அதனோடு சேர்ந்து பெட்டி செய்ய முயன்று கைவிடப்பட்ட சோனி, 1994 டிசம்பரில் தன் பிளேஸ்டேஷனைத் தனியே வெளியிட்டது. நின்டெண்டோவுக்கு நெடுநாள் ஆட்டங்கள் தந்துவந்த ஸ்கொயர் நிறுவனம், மிகுதியான செய்திகளைத் தாங்கும் குறுந்தகட்டை விரும்பிச் சோனியின் பக்கம் சேர்ந்தது. 1997இல் அது வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ மூன்று குறுந்தகடுகளை நிறைத்தது. படைப்பாளர் எங்குச் சென்றனரோ, வெற்றியும் அங்கே சென்றது.

இந்நிலையில், அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் என்னும் பெட்டியோடு களம் புகுந்தது. 2002 பிப்ரவரி 22 அன்று ஜப்பானை அடைந்தது. பொருளுக்குக் குறைவில்லை. ஆயினும் அதன் இயக்குகருவி ஜப்பானியர் கைக்குப் பெரிதாயிருந்தது. அந்நாட்டாருக்கெனச் சிறியதொன்றை வேறாகச் செய்யவேண்டியதாயிற்று. பெட்டி தன்னுள் இட்ட வட்டுகளைக் கீறிவிடுகிறது என்ற முறையீடும் எழுந்தது. விற்பனை மிகச் சொற்பம்.

தோல்வி கண்டும் அந்நிறுவனம் திரும்பிவிடவில்லை. 2005 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் அடுத்த பெட்டியை ஜப்பானுக்குக் கொண்டு சென்றபோது, ஜப்பானியப் படைப்பாளரின் துணையையும் நாடியது. ‘ஃபைனல் ஃபேன்டசி’யைத் தோற்றுவித்த ஹிரோனோபு சகாகுச்சியை அணுகி, அவர்தம் மிஸ்ட்வாக்கர் நிறுவனத்தின் வாயிலாக 2006இல் ‘புளூ டிராகன்’, 2007இல் ‘லாஸ்ட் ஒடிஸி’ என்னும் ஆட்டங்களை வெளியிட்டது. முன்னதற்கு உருவங்கள் வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் அகிரா தோரியாமா. விற்பனையும் ஓரளவு உயர்ந்தது. அவ்வழியே தொடர்ந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

ஆனால் உறுதி தளர்ந்தது. 2013 நவம்பரில் மேலைநாடுகளில் வெளியான எக்ஸ்பாக்ஸ் ஒன், 2014 செப்டம்பரில்தான் ஜப்பானுக்குச் சென்றது. காத்திருக்க வைத்த விருந்தினனை எவ்வூரார் மதிப்பர்? ஒசாகாவின் பிளாட்டினம் கேம்ஸ் படைத்துவந்த ‘ஸ்கேல்பவுண்ட்’ 2014இல் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டு, 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2020இல் புதிய பெட்டியை மற்ற நாடுகளோடு ஒரே நாளில் ஜப்பானிலும் வெளியிட்டுப் பழைய குறையைத் தீர்த்தனர். ஆயினும் 2021இல் தம் குடைக்கீழ் வந்த தோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸை, அது 2023இல் ‘ஹை-ஃபை ரஷ்’ என்னும் பாராட்டுப்பெற்ற ஆட்டத்தைத் தந்திருந்தும், 2024 மே மாதத்தில் மூடுவதாக அறிவித்தனர். சில திங்களில் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதனை ஏற்றுக் காத்தது. கட்டிய நட்பைத் தாமே அவிழ்ப்பின் மீண்டும் கட்டுதல் இருமடங்கு அரிது.

இவை யாவும் கடல் கடந்த செய்திகள் என எண்ணவேண்டா. நம் மாநிலத்தையும் ஒரு ஜப்பானியப் பெட்டி நாடி வந்ததுண்டு. அந்நாள் ஆந்திரத் தலைநகராயிருந்த ஐதராபாத்தில், 2009இல், ஔரோனா டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கென ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்னும் ஆட்டத்தைப் படைத்தது, சோனி அதனை வெளியிட்டது. திருமலையின் ஏழு மலைகளுள் ஒன்று அஞ்சனாத்ரியன்றோ? நம்மூர்ப் பிள்ளைகட்கு அனுமன் புதியவன் அல்லன். அதே ஆண்டில் அந்நகரத்துக் கேம்சாஸ்திரா படைத்த ‘தேசி அட்டா’வில் கபடி, காற்றாடி, கிட்டிப்புள் ஆகிய தெருவிளையாட்டுகள் திரையேறின. 2013 தொடக்கத்தில் அப்பழைய பெட்டியின் உற்பத்தி நின்றது. பின்னர் 2023இல்தான் சோனி ‘இந்தியா ஹீரோ பிராஜெக்ட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இந்தியப் படைப்பாளரின் ஐந்து ஆட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்தது. இவ்வுறவேனும் நிலைக்குமா என்பதைக் காலம் காட்டும்.

ஜப்பானியர் இன்று நமக்கு அயலாரும் ஆயினர். சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் இசுசு 2016இலும் டைக்கின் 2023இலும் தொழிற்சாலைகள் திறந்தன. வண்டியும் குளிர்பொறியும் செய்யும் தொழிலை அவர்களிடமிருந்து நம் இளைஞர் கற்கின்றனர். ஆட்டம் படைப்பதோ வேறு வகை. அதற்குக் கணினியறிவு வேண்டும். அதற்கு மேலாக, ஆடிப் பழகிய ஆட்டம் ஒன்று நெஞ்சில் இருத்தல் வேண்டும். நட்பு நாடி வருவோரிடம் நாம் கொடுப்பதற்கும் ஏதேனும் இருந்தாலன்றி அது நட்பாகாது, கூலியாகிவிடும்.

நம்மிடம் கொடுக்க இல்லையா? பல்லாங்குழியைத் தெலுங்கர் வாமனகுண்டலு என்பர். கிட்டிப்புள் அவர்க்குப் பில்லங்கோடு. ஆடுபுலி ஆட்டம் அவர்க்குப் புலிஜூதம். பெயர் இரண்டாயினும் ஆட்டம் ஒன்றே. எனவே அன்பர்களே, அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மாலைப்பொழுதை இவற்றிற்கென ஒதுக்குவோம். தெலுங்கு அண்டை வீட்டாரையும் அழைப்போம். திரையில் பிறர் படைத்த ஆட்டத்தை ஆடும் நம் சிறுவருள் ஒருவனோ ஒருத்தியோ நாளை நம் ஆட்டத்தை உலகம் ஆடச் செய்யக்கூடும். அதற்கு அப்பிள்ளை முதலில் சோழியைக் கையில் எடுத்து ஆடியிருக்க வேண்டும்.