கந்தரோடை: ஒரு ஊர், இரண்டு பெயர்ப்பலகை

சுன்னாகத்தில இறங்கி கந்தரோடைக்கு வழி கேட்டால் ஆரும் காட்டுவினம். தெற்கில இருந்து பஸ் பிடிச்சு வாற சனம் அப்பிடிக் கேட்கிறேல்லை. "கதுருகொட விகாரை எங்கை?" எண்டுதான் கேட்கினம். இரண்டும் ஒரே இடம்தான். நாங்கள் சைக்கிளில அங்கை போனதுக்கு அந்தக் கேள்விதான் காரணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஓடை எண்டது எங்களுக்கு விளங்குகிற சொல். குடாநாட்டில ஆறு எண்டு சொல்லக்கூடிய ஒரே ஒரு நீரோட்டம் வழுக்கியாறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதன் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஓடை எண்டு பெயர் வந்ததில் புதினம் இல்லை. இதே ஊரில் அங்கணாமைக்கடவை எண்டொரு குறிச்சியும் அதில் அம்மன் கோயிலும் இருக்கு. கடவை எண்டால் கடந்து போகும் இடம். தண்ணி ஓடின இடமும், சனம் கடந்த இடமும் பெயராகவே நிக்குது. 'கந்தர்' ஆர் எண்டதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லுவினம். அதுக்குள்ளை நாங்கள் போகேல்லை.

மற்றப் பெயரும் நேற்று வந்ததல்ல. 'நம்பொத' எண்ட பழைய சிங்கள நூல், யாழ்ப்பாணத்துப் பௌத்த தலங்களின் பட்டியலில் கதுருகொடவைச் சேர்த்திருக்கு. மல்லாகமும் தெல்லிப்பழையும் மல்லாகம, தெலிபொல எண்டு அதே பட்டியலில் வருகுது. கதுரு ஒரு மரம். கொட எண்டால் மேட்டுநிலம். ஓடையில் இருந்து பார்த்தவன் ஒரு பெயர் வைச்சான், மேட்டில் நிண்டு பார்த்தவன் இன்னொரு பெயர் வைச்சான் எண்டு எங்களில ஒருத்தன் பகிடியாச் சொன்னான். அது ஆய்வு இல்லை. ஆனால் ஒரு பெயர் மற்றதின் திரிபு எண்டு அடிச்சுச் சொல்லுகிற சண்டைகளை விட அது எங்களுக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப அங்கை கண்ணில் படுகிறது முருகைக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள், இருபதுக்கும் மேலை. போல் ஈ. பீரிஸ் 1917இல் இங்கு வந்து தோண்டினார். பழைய காசுகள், மணிகள், செப்பாலான மைதீட்டும் கோல்கள் எல்லாம் கிடைச்சுது. இண்டைக்கு நாங்கள் பார்க்கிற முழு உருவம் பிறகு தொல்லியல் திணைக்களம் திருத்திக் கட்டினது. விஷக் காளான் சாப்பிட்டு இறந்த அறுபது பிக்குகளின் நினைவிடம் எண்டொரு கதையும் உலாவுது.

பலகையில் சொல்லாத பகுதி நிலத்துக்குக் கீழை கிடக்கு. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் அகழ்ந்தபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. தென்னிந்தியப் பெருங்கற்காலத் தாழிக்காடுகளில் கிடைக்கிற அதே வகை. அரிக்கமேட்டில் உள்ளது போன்ற சக்கர அலங்கார ஓடுகளும் கிடைத்தன. அப்ப தூபிகளுக்கு முன்னமே இங்கை குடியிருப்பும் கடல் கடந்த வியாபாரமும் இருந்திருக்கு. அந்தச் சனத்தின் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர் பௌத்தராக இருந்தால் அதில் வெட்கப்பட எங்களுக்கு என்ன இருக்கு? தமிழர் பௌத்தராக இருந்ததே இல்லை எண்டு நாங்கள் சொல்லச் சொல்ல, தூபியைக் காட்டி நிலம் கேட்கிறவைக்குத்தான் அது வசதி. மணிமேகலையைப் பள்ளிக்கூடத்தில படிச்ச நாங்களே அதை மறக்கிறம்.

தூபி வளவு கம்பிவேலிக்குள்ளை இருக்கு. வேலிக்கு வெளியிலை தோட்டம். அங்கை இருந்த ஒரு ஆச்சி, "பிள்ளையள், உதுகளைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகினம். எங்கடை காணியளுக்கும் பெயர் இருக்கு" எண்டா. உண்மைதான். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயர் எழுதியிருக்கும். கலட்டி, புலம், சீமா, வளவு எண்டு முடியும். கலட்டி எண்டால் கல்லு நிலம், புலம் எண்டால் பயிர்நிலம். மண் எப்பிடிப்பட்டது, முன்னம் என்ன மரம் நிண்டது, ஆர் பயிரிட்டது எண்டதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளை கிடக்கும். பீரிசின் கட்டுரைகளில் வருகிற 'உச்சாப்பனை'யும் இந்த ஊருக்குள் இருந்த ஒரு இடப்பெயர்தான்.

ஆச்சியின்ரை உறுதி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடை போச்சாம். பிறகு எடுத்த பிரதியில் பெயர் இருக்கு, ஆனால் எழுத்துப்பிழையோடை. "அது பிழை, நான் சொல்லுறதை எழுது தம்பி" எண்டு இரண்டு தரம் சொல்லி எழுதுவிச்சா. அயல் காணிகளின் பெயர்களையும் சொன்னா. ஐந்தாவதுக்கு யோசிச்சுப்போட்டு, அதை மேலை வீட்டு ஐயாவிட்டைக் கேளுங்கோ எண்டா. வாற ஞாயிறு அவரிட்டைப் போறம்.