‘போல்ட்’ ஏலக்காயும் ‘ஸ்ட்ராங்’ டீயும்: ஒத்த பொருள் ஆங்கிலப் பெயரடைகளைப் பிரித்தறியும் வழி

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஏலக்காய் மாதிரியைத் தட்டில் கொட்டி விரலால் அளைந்து பார்க்கும் வியாபாரி ‘போல்ட்’ என்றால், காய் பருத்துத் திரண்டிருக்கிறது என்று பொருள். அதே ஊரில், மேடையேறித் தயங்காமல் பேசிய மாணவியை ‘ரொம்ப போல்டான பொண்ணு’ என்றால் துணிச்சல்காரி என்று பொருள். அச்சகத்தில் தலைப்பை ‘போல்ட்’ ஆக்கச் சொன்னால் எழுத்து தடிக்கும். இந்த மூன்றையும் கேட்டு வளர்ந்தவர் எந்த இடத்திலும் குழம்புவதில்லை. மனப்பாடத்துக்குத் தரப்படும் சொற்பட்டியலோ ‘போல்ட் – துணிவுள்ள’ என்ற ஒற்றை விடையோடு நின்றுவிடுகிறது. தெருவில் தெளிவாக இருந்த வேறுபாடு வகுப்பறைக்குள் நுழைந்ததும் காணாமல் போவது ஏன்? இக்கட்டுரை அதையே ஆராய்கிறது.

ஒத்த பொருளுடைய ஆங்கிலப் பெயரடைகளைப் பிரித்தறிவது தமிழ் பேசுவோருக்கும் சீனம் பேசுவோருக்கும் பொதுவான இடர். பெயரடையைத் தனியே நிறுத்தி ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்டால் வேறுபாடு அகப்படாது என்பது என் வாதம். அது எந்தப் பெயரோடு சேர்கிறது, எதற்கு எதிராக நிற்கிறது, எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் அகப்படும். இந்த மூன்று கேள்விகளுக்கும் கற்பவர் தம் தாய்மொழியில் நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே ஆங்கில வகுப்பில் தாய்மொழியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

நிகண்டும் வழக்கும்

ஒருபொருள் பல சொற்களைத் தொகுப்பது தமிழுக்குப் பழகிய வேலை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அடுக்கித் தந்தன. தொல்காப்பிய உரியியல் உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதிப் பொருளுக்கு உரியவை என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது.

பட்டியலில் ஆறும் சமம். வழக்கில் அப்படி இல்லை. இன்றைக்கும் ‘சாலச் சிறந்தது’ என்கிறோம், ‘சாலப் பெரியது’ என்பதில்லை. ‘நனி நன்று’ உண்டு, ‘நனி பசி’ இல்லை. பசிக்கு ‘உறுபசி’ இருக்கிறது. பேருவகைக்கு முன்னால் ‘கழி’ வந்து நிற்கும், ‘தவ’ வராது. எல்லாவற்றுக்கும் பொருள் ‘மிகுதி’தான் என்று நன்கு அறிந்த ஒருவர்கூட இவற்றை இடம் மாற்றிப் போட்டால் தமிழ் தெரியாதவர் போலத் தோன்றுவார்.

பேச்சுத் தமிழில் சான்று இன்னும் கூர்மையாகக் கிடைக்கிறது. ‘சிறிய வீடு’ என்றால் அறைகள் குறைவு. ‘சின்ன வீடு’ என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு எழும். பேச்சு வீட்டின் பரப்பளவைப் பற்றியது இல்லை என்று அவருக்குத் தெரியும். ‘குட்டி வீடு’ என்றால் சொல்பவருக்கு அதன்மேல் செல்லம். மூன்று அடைகளுக்கும் அகராதி தரும் பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தின் ‘ஸ்மால்’, ‘லிட்டில்’ இரண்டையும் மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல வாசல் இல்லை. அளவை மட்டும் சொல்வது ‘ஸ்மால்’. அளவோடு பரிவையோ, சில இடங்களில் ஏளனத்தையோ கலப்பது ‘லிட்டில்’. அது நம் ‘குட்டி’க்குப் பக்கத்து வீடு.

உயரம்: பிழைக்குள் இருக்கும் தர்க்கம்

போடியை அடுத்த மலையடிவார ஊரான குரங்கணியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிவது உயரமான மலை. வழியில் நிற்பது உயரமான மரம். பேருந்திலிருந்து இறங்குபவர் உயரமான ஆள். வீட்டுக்குள் பொருள் வைக்கும் இடம் உயரமான பரண். தமிழில் நான்குக்கும் ஒரே அடை. ஆங்கிலத்தில் மரமும் ஆளும் ‘டால்’. மலைக்கும் பரணுக்கும் பொதுவாக ‘ஹை’. ‘என் அம்மா ஹை’ என்று எழுதும் மாணவரின் பிழை ஆசிரியர்கள் நன்கு அறிந்தது. சீனம் பேசும் மாணவரும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார், ஏனெனில் சீனத்திலும் ஆளுக்கும் மலைக்கும் ஒரே சொல்தான். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே பிழைக்கு இட்டுச் செல்வதால், இதைத் ‘தமிழ்வாடை’ என்று தள்ளிவிட முடியாது.

தமிழில் ‘நல்ல’, ‘பெரிய’, ‘பழைய’ போன்ற இயற்பெயரடைகள் கொஞ்சமே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி பெயரோடு ‘ஆன’ சேர்ந்து பிறப்பவை: உயரம் – உயரமான, ஆழம் – ஆழமான. அடைக்கு அடியில் இருப்பது பெயர். ஆங்கிலத்திலும் பெயர் நிலைக்குப் போனால் இந்தப் பிளவு மங்கிவிடுகிறது: ஆளுக்கும் மலைக்கும் ‘ஹைட்’ என்ற ஒரே பெயர் பொருந்தும். பிளவு பெயரடையில்தான் எழுகிறது. பெயரிலிருந்து அடையை உருவாக்கிப் பழகிய தமிழ் மாணவர், உயரம் ஒன்று என்பதால் அடையும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறார். அவருடைய பிழைக்குள் ஒரு சீரான தர்க்கம் இருக்கிறது. அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகும் ஆசிரியர் அந்தத் தர்க்கத்தைத் தொடுவதே இல்லை.

தொட வேண்டுமென்றால், ஆங்கிலம் இங்கே இரண்டு அனுபவங்களைப் பிரிக்கிறது என்று காட்ட வேண்டும். தரையில் நின்றபடி மேல்நோக்கி வளர்ந்து, அகலத்தைவிட நெட்டை மிகுந்தது ‘டால்’. தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்ற இடக்கணக்கு ‘ஹை’. பரணுக்கு ‘டால்’ ஒட்டாததன் காரணம் அப்போது தானே விளங்கும். பரண் நெடிது நிற்பதில்லை, உயரத்தில் இருக்கிறது. ‘நெட்டையான ஆள்’ உண்டு, ‘நெட்டையான பரண்’ இல்லை என்று மாணவர் தாமே கண்டுகொள்வார்.

தமிழ் பிரிப்பதை ஆங்கிலம் சேர்க்குமிடம்

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தின் ‘திக்’ ஒன்றே. தமிழில் புத்தகம் தடிமன், குழம்பு கெட்டி, காடு அடர்த்தி, கயிறு மொத்தம். சீனமும் இப்படித்தான் பிரிக்கிறது: பலகைக்கும் புத்தகத்துக்கும் ‘ஹோவ்’, கயிறு போல் உருண்டவற்றுக்கு ‘ட்சூ’, குழம்புக்கும் புகைக்கும் ‘நோங்’. ‘ஓல்ட்’ என்ற ஒரே அடையையும் இரு மொழிகளும் பிரிக்கின்றன. ஆள் வயதானவர், சட்டை பழையது, வெண்டைக்காய் முற்றியது. சீனத்திலும் ஆளுக்கு ‘லாவ்’, பொருளுக்கு ‘ஜியு’. இந்தத் திசையில் பிழை குறைவாகவே நேரும், ஏனெனில் பல வாய்க்கால்கள் ஒரே ஏரியில் வந்து சேர்கின்றன. ஏரியிலிருந்து எந்த வாய்க்காலைத் திறப்பது என்று முடிவு செய்யும்போதுதான் கை தடுமாறுகிறது.

ஏலமலைச் சரிவுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே சேர்க்கலாம். ‘ஹாட்’ என்பது சூட்டுக்கும் காரத்துக்கும் பொது. ‘ஸ்பைசி’ என்றால் நம்மவர் பெரும்பாலும் காரத்தையே எதிர்பார்க்கிறார்கள். ‘ஸ்பைஸ்’களின் அரசி என்று பெயர் பெற்ற ஏலக்காயில் மிளகாயின் காரம் துளியும் கிடையாது. ஏலக்காய் டீயை ‘ஸ்பைசி’ என்று எழுதும் மாணவர் இலக்கணப்படி சரி. படிப்பவரோ தண்ணீர்ச் செம்பைத் தேடுவார். பெயர்ச்சொல்லின் பொருள் அதன் அடைக்கு அப்படியே கடந்து வருவதில்லை என்பதற்கு இது கைக்கெட்டிய சான்று.

டீக்கடையில் ஒரு மொழியியல்

ஒரு சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களால் அறிய வேண்டும் என்ற கருத்தை 1950களில் வலுவாக முன்வைத்தவர் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த், லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவர் வழியில் வந்த ஹாலிடே, சீனம் கற்றுப் பெய்ஜிங்கில் படித்தவர். 1966இல் ஹாலிடே எடுத்தாண்ட எடுத்துக்காட்டு பிறகு பாடநூல்தோறும் பரவியது. தேநீர் ‘ஸ்ட்ராங்’, ஆனால் ‘பவர்ஃபுல்’ அன்று. கார் ‘பவர்ஃபுல்’, ஆனால் ‘ஸ்ட்ராங்’ அன்று. வாதத்துக்கு மட்டும் இரண்டும் பொருந்தும்.

குரங்கணி டீக்கடையில் இந்தப் பாடத்துக்குக் கட்டணமில்லை. ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு’ என்று கேட்பவர் ஒருநாளும் ‘பவர்ஃபுல்லா ஒண்ணு’ என்று கேட்டதில்லை. ஆங்கில வகுப்பில் கால் வைக்காதவருக்கும் இந்தச் சேர்க்கை தப்புவதில்லை, ஏனெனில் அவர் அடையை டீயோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார். சிங்கப்பூரில் தமிழரும் சீனரும் ஒரே காப்பிக் கடையில் அமர்ந்து, ஹொக்கியன் மொழியிலிருந்து வந்த ‘காவ்’ என்ற சொல்லால் கடுமையான தேநீரையும், ‘போ’ என்ற சொல்லால் இளந்தேநீரையும் கேட்கிறார்கள். அவற்றின் நேர்ப்பொருள் தடித்தது, மெல்லியது. ஆங்கிலேயர் வலிமை கண்ட இடத்தில் ஹொக்கியன்காரர் தடிமன் கண்டார். தேநீரின் தன்மை மாறவில்லை. எந்த அடையை அதனோடு கட்டுவது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன.

எதிர்ச்சொல்லும் வரிசையும்

கூட்டாளிச் சொல் முதல் சோதனை, எதிர்ச்சொல் இரண்டாவது. கண்ணன் தேவன் மலைத் தேயிலையை ரோப்வேயில் இறக்கிய காலத்தில் மலைமேல் முனை ‘டாப் ஸ்டேஷன்’ ஆயிற்று, கொட்டகுடிப் பக்கத்து அடிமுனை ‘பாட்டம் ஸ்டேஷன்’ ஆயிற்று. மேல் முனையை ஏன் ‘ஹை ஸ்டேஷன்’ என்று சொல்லவில்லை? ‘ஹை’க்கு எதிர் ‘லோ’. இரண்டும் அளவுகள், ஆகவே ‘வெரி ஹை’ வரும். ‘டாப்’புக்கு எதிர் ‘பாட்டம்’. இரண்டும் எல்லைகள், அளவை மிகுவிக்கும் ‘வெரி’ அவற்றின் முன் ஒட்டாது. ‘அப்பர்’ என்றால் ‘லோவர்’ ஒன்று கூடவே இருந்தாக வேண்டும். தமிழிலும் ‘ரொம்ப உயரமான’ என்போம், ‘ரொம்ப உச்சியான’ என்பதில்லை.

மூன்றாவது சோதனை வரிசை. ஆலப்பி பச்சை ஏலக்காய்க்கான அக்மார்க் தரவரிசையில் ‘எக்ஸ்ட்ரா போல்ட்’ 7 மி.மீ., ‘போல்ட்’ 6 மி.மீ., அதற்கடுத்தது ‘சுப்பீரியர்’ 5 மி.மீ. அகராதி ‘சுப்பீரியர் – மேலான’ என்கிறது. சல்லடையோ அதை மூன்றாம் இடத்தில் வைக்கிறது. அடையின் மதிப்பு அதன் வரிசைக்குள்தான் உறுதியாகிறது. ‘வார்ம்’, ‘ஹாட்’, ‘பாய்லிங்’ மூன்றையும் தனித்தனியே மொழிபெயர்ப்பதைவிட வெதுவெதுப்பு, சூடு, கொதிப்பு என்று ஒரே கோட்டில் அடுக்கிக் காட்டுவது ஏன் பயன் தருகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

இரு மறுப்புகள்

‘இதெல்லாம் மனப்பாடம்தானே, இதில் பொருள் எங்கே’ என்று கேட்கலாம். சில சேர்க்கைகள் வழக்கால் உறைந்தவை என்பது உண்மை. தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’ அமைந்ததற்கு முழுத் தர்க்கம் சொல்ல முடியாது. ஆனால் பொருளும் முற்றிலும் விலகிவிடவில்லை. ‘ஸ்ட்ராங்’ வாதம் எளிதில் உடையாதது. ‘பவர்ஃபுல்’ வாதம் கேட்பவரை அசைப்பது. கூட்டாளிச் சொற்களைத் திரட்டினால்தான் இப்படிப்பட்ட நுண்பொருள் வெளிப்படும். 1987இல் வந்த கோபில்ட் ஆங்கில அகராதியும், 1992இல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும் பொருளோடு வழக்கு வாக்கியங்களுக்கும் இடம் கொடுத்தது இந்தத் தேவையால்தான்.

இரண்டாவது மறுப்பு: தாய்மொழியே பிழைக்கு ஊற்று என்றால் அதை ஏன் அழைக்க வேண்டும்? தாய்மொழிப் பழக்கம் புதிய மொழிக்குள் கடந்து வரும் என்று 1957இல் மொழியியலாளர் லேடோ விரிவாக எழுதினார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வகுப்பில் தமிழைத் தடுத்துவிட்டால் அது போய்விடுவதில்லை; மாணவர் மனத்துக்குள் ஓசையில்லாமல் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார். வெளியே கொண்டுவந்தால்தான் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஆராய முடியும். தமிழின் ஒற்றை விடை தவறான வழி காட்டுகிறது என்பது சரி. தமிழின் நுட்பமோ சரியான வழியைக் காட்டுகிறது.

முடிவு

இதிலிருந்து கிடைக்கும் பரிந்துரை எளியது. மாணவரின் சொல் நோட்டில் இப்போது இரண்டு பத்திகள் இருக்கின்றன: ஆங்கிலச் சொல், தமிழ்ப் பொருள். அவற்றோடு மூன்று பத்திகள் சேரட்டும்: சேரும் பெயர்கள், எதிர்ச்சொல், வரிசையில் இடம். ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழுக்கு நிரப்பிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு நிரப்பட்டும். ‘சின்ன வீடு’ ஏன் ‘சிறிய வீடு’ ஆகாது என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு இந்த நோட்டு கடினமாக இருக்காது. அப்போது ‘என் அம்மா ஹை’ என்ற வாக்கியத்தைத் திருத்த ஆசிரியர் சிவப்பு மையைத் தேட வேண்டாம். ‘அம்மா தரையில நிக்கிறாங்களா, பரண்மேல இருக்காங்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மாணவர் சிரித்துக்கொண்டே தாமே அடித்துத் திருத்திவிடுவார்.