2,14,74,83,647: இந்த ஒரு எண்ணைப் பார்த்து கம்ப்யூட்டர்கள் ஏன் பயப்படுது?

2014 டிசம்பர். 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-ஐத் தாண்டின. அந்த எண்ணுக்கு மேல் தங்கள் கவுன்டர் எண்ண வேண்டியிருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை என்றது யூடியூப். அப்படி என்ன இருக்கு இந்த எண்ணில்?

2-ஐ 31 முறை பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் வருவதுதான் இது. கம்ப்யூட்டர் மொழியில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட் இடத்தில் ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விடும். மிச்சம் 31. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். இதோடு இன்னொரு 1 சேர்ந்தால்? பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குப் போகுமே, அந்தக் கதைதான். ஆனால் இங்கே பூஜ்யத்தில் நிற்காது, நேராக மைனஸ் 2,14,74,83,648-க்கு விழும்.

கணிதக்காரர்களுக்கு இது வேறு காரணத்துக்காகச் செல்லப்பிள்ளை. இது ஒரு பகா எண். அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். இதை நிரூபித்தவர் ஆய்லர், 1772-ல். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுசாகப் போயிருந்தது! வகுத்து வகுத்துப் பார்ப்பதென்றால் 46,340 வரை போக வேண்டும். ஆனால் இதை வகுக்கக்கூடிய எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும் என்று கண்டுபிடித்தார். அதிகபட்சம் 372 வகுத்தலில் வேலை முடிந்தது.

6-ன் வகுத்திகளான 1, 2, 3-ஐக் கூட்டினால் 6 வரும் இல்லையா? அதே குணமுள்ள 19 இலக்க எண் ஒன்று இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கிறது. இதெல்லாம் வேடிக்கைக்குத்தான், பயனில்லை, இதைவிடப் பெரிசா யாரும் தேடப் போவதில்லை என்று 1811-ல் எழுதினார் பீட்டர் பார்லோ. பாவம் மனுஷன்.

சரி, பயம் எதுக்கு? பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவை, 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி, அவற்றுக்கு 1901 டிசம்பர்!

உங்கள் கையில் இருக்கும் புது போனுக்குப் பிரச்னை இருக்காது, அது 64 பிட். லினக்ஸும் 2020-லேயே 32 பிட் கருவிகளுக்கு வழி செய்துவிட்டது. சிக்கல், ஒருமுறை பொருத்திவிட்டு யாரும் அப்டேட் செய்யாத தொழிற்சாலைக் கருவிகளிலும் பழைய மென்பொருள்களிலும்தான். அதிலும் இருபது வருஷம் தள்ளி வரும் தேதியைக் கணக்குப் போடும் மென்பொருள் 2038 வரை காத்திருக்காது, இப்போதே தடுக்கி விழலாம்.

யூடியூப் கவுன்டரும் 64 பிட்டுக்கு மாறிவிட்டது. அதன் புது எல்லை 92,23,37,20,36,85,47,75,807. விநாடிகளை எண்ணினால் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். ஆனால் இது பகா எண் இல்லை. 7-ஆலேயே வகுபடும்.