எழுதி வைத்ததுதான் சாட்சி

நான் பழவேற்காட்டுப் பக்கத்து கிராமத்தில் பிறந்து, திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பத்தாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மகளிர் குழு கண்காட்சியில் எங்க ஊறுகாய்க் கடைக்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்து வந்த இலங்கைத் தமிழ் அக்கா ஒருவர் கடை போட்டிருந்தார். சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னார்: "2009 சண்டையில தம்பியைக் காணேல்லை. அம்மா அங்க போட்டோவோட ரோட்டில இருக்கிறா. இருக்கிறானா இல்லையா எண்டாவது சொல்லட்டும்." எனக்கு டீ இறங்கவில்லை.

அதன்பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு அந்த மக்கள் படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினார்கள். 1984-ல் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன், சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். வேலை செய்தவர்களும் அகதிகளே. வெளிநாட்டு உதவி அமைப்புகள் பணம் தந்தன. அதில் படிப்பு, சத்துணவு, பெண்கள் குழு எல்லாம் நடந்தன. இன்னொரு வேலையும் நடந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து, இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய உதவினார்கள். அரிசி கொடுத்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். சான்றிதழின் அருமை ஊர் திரும்பி நிலத்தைக் கேட்கும்போதுதான் தெரியும். அது இல்லாவிட்டால் "நீ யார்?" என்பார்கள்.

இலங்கையில் காணாமல் போனோரைத் தேட ஒரு அலுவலகம் அமைக்க 2016-ல் சட்டம் போட்டார்கள். ஆனாலும் பதில் வராததால் 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் 1996-ல் டெஸ்மண்ட் டுட்டு பாதிரியார் தலைமையில் உண்மை ஆணையம் விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஊர் அறியப் பேசினார்கள். நஷ்டஈடு மட்டும் தாமதமாக, சிபாரிசு செய்ததைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது.

நம்ம கதைக்கு வருகிறேன். எங்க குழுவில் ஒரு தவணை கட்டியதை நோட்டில் ஏற்றாமல் விட்டோம். இரண்டு பேர் எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை. "போனது போகட்டும், சமாதானமா போங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன், நடக்கவில்லை. பழைய ரசீது கிடைத்து, எழுதாமல் விட்டவள் "என் தப்புதான்" என்று சொன்ன அன்றுதான் இருவரும் பேசினார்கள். ஒரு தவணைக்கே இப்படி என்றால், பெற்ற பிள்ளையைத் தொலைத்தவளிடம் "மறந்துவிடு" என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் சொல்கிறேன், உதவி செய்பவர்கள் சோற்றுக்குக் கொடுப்பதோடு, பெயரையும் நடந்ததையும் எழுதி வைக்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

2021-ல் நம் அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புழலும் கும்மிடிப்பூண்டியும் நமக்குத் தூரம் இல்லை. அடுத்த கண்காட்சியில் அவங்க குழுக்களுக்கு நம் பக்கத்திலேயே கடை ஒதுக்க வேண்டும் என்று கூட்டமைப்பைக் கேட்கிறேன். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.