பறியும் குளமும்

தமிழகத்து மீன்தொழிலைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் கடலையும் வலையையுமே விரித்துரைத்தனர். குளம், ஏரி, வாய்க்கால், நெல்வயல் ஆகிய நன்னீர் நிலைகளில் வாழும் அயிரை, கெண்டை, கெளுத்தி, ஆரல் முதலிய சிறுமீன்களும், அவற்றைப் பிடித்தற்கென அமைந்த பறி என்னுங் கருவியும் அத்துணைக் கருதப்பட்டில. அக்கருவியின் பழமையையும், பிற்காலத்து அதன்மேற் சுமத்தப்பட்ட பழியின் பொருத்தத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

பறி என்பது மூங்கிற் பிளாச்சுகளாலேனும் ஈர்க்குகளாலேனும் முடையப்படுங் கூடை. அதன் வாயில் அகன்று, உட்செல்லச் செல்லக் குறுகும். வாயிலில் அமைந்த குச்சிகளின் முனைகள் உள்நோக்கிச் சாய்ந்திருத்தலின், நீரோட்டத்தோடு புகுந்த மீன் மீண்டு வெளிவருதல் அரிது. மழைக்காலத்து மடைவாயிலும் வரப்பு உடைப்பிலும் மாலையில் இதனை வைத்து, வைகறையில் எடுப்பர். ஊத்தா என்பது இதனின் வேறு. அது மேலுங் கீழுந் திறந்த கூடை. ஆழமற்ற நீரில் நடந்து சென்று மீனின்மேற் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையிட்டு எடுத்தற்குரியது. ஊத்தா ஆள் தேடிச் சென்று பிடிக்குங் கருவி. பறியோ மீன் தானே வந்து புகுமாறு காத்திருக்குங் கருவி. இவ்வேறுபாடு பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

பறியின் பழமைக்குப் பெரும்பாணாற்றுப்படை சான்றாகும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சிக்குச் செல்லும் வழியிடையே உள்நாட்டு வலைஞர் குடியிருப்பைக் காட்டுகின்றார். புல்வேய்ந்த அவர்தங் குடில்களின் முற்றத்தே பறி இடம்பெறுகின்றது. இளையரும் முதியரும் சுற்றத்தோடு கூடிக் கயலும் இறாவும் துள்ளும் நீரில் இயங்குகின்றனர். இவ்வளவில் நில்லாது, நெடுங்கோடையிலும் நீர் வற்றாத குளத்தின் கரையை அவர்கள் காத்திருப்பதாகவும் புலவர் கூறுகின்றார். கரைகாத்தல் மீன்பொருட்டோ நீர்பொருட்டோ என வினவலாம். எதுவாயினும், பறிக்கு உரியவரே குளத்திற்குங் காவலராக நின்றமை இதனாற் பெறப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கருவி வேறொரு கண்கொண்டு நோக்கப்பட்டது. பிரான்சிஸ் டே என்பார் 1873 ஆம் ஆண்டில் இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்களைப் பற்றி அறிக்கையொன்று வெளியிட்டார். வயல்களிலும் வாய்க்கால்களிலும் இளமீன்களை வரைவின்றிப் பிடித்தல் மீன்வளத்தைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. பின்னர் 1897 ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. நஞ்சையும் வெடியையும் அது விலக்கியது. நிலத்தில் ஊன்றியோ பிறவாறு நிலைபெறுத்தியோ வைக்கப்படும் வலை, கூண்டு, பொறி அனைத்தையும் ஒரே வகையுள் அடக்கி, அவற்றைத் தடுக்கவும் வரையறுக்கவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. மடைவாயிற் கிடந்த பறியும் இவ்வரையறையுள் அடங்கிற்று.

டேயின் அச்சம் முற்றும் பிழையன்று. பெருமீன்களின் குஞ்சுகள் மழைநீரோடு வயலுட் புகும்போது நெருங்க முடைந்த பறி அவற்றையும் கொள்ளும். ஆயினும் சிறியனவெல்லாம் இளமீன்கள் அல்ல. அயிரை முழுவளர்ச்சி பெற்ற பின்னும் விரலளவினதே. உருவால் ஒத்த குஞ்சையும் வளர்ந்த சிறுமீனையும் கண்ணளவை வேறுபடுத்தாது. ஆகலின் ஆராயத்தக்கது பறி வைக்கலாமா என்பதன்று. குச்சிகளின் இடைவெளி எவ்வளவு, எப்பருவத்தில், எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்பனவே. இடைவெளி அகன்ற பறியில் நுண்ணிய குஞ்சுகள் தப்பிச் செல்லும். மேலும், பறியிற் புகுந்த மீன் உயிரோடு இருத்தலின் வேண்டாதவற்றை மீள விடுதலும் இயலும்.

சிறுமீன்களுக்கு நேர்ந்த இடரைப் பறியின்மேல் மட்டும் ஏற்றுதல் வரலாற்றொடு பொருந்தாது. கொசுவை ஒழித்தற்கெனக் காம்பூசியா என்னும் அயல்மீன் 1928 இல் இந்தியாவிற் புகுத்தப்பட்டது. மக்கள் ஜிலேபிக் கெண்டை என வழங்கும் திலேப்பியா 1952 இல் உணவின்பொருட்டுக் கொண்டுவரப்பட்டது. முன்னது நாட்டுமீன்களின் முட்டையையும் குஞ்சையும் உண்ணும். பின்னது விரைந்து பெருகி அவற்றின் இரையையும் இடத்தையும் கவரும். இவை பறி முடைந்தோர் செய்தன அல்ல; நலங்கருதி அறிவுடையோர் செய்தன.

பறி ஒரு கூடையே; காப்பதும் அழிப்பதும் அதனைக் கையாள்வாரைப் பொறுத்தன. குளக்கரையின் காவலும் மீன்கொள்ளும் உரிமையும் ஒருவரிடத்தே இருந்த நிலையைச் சங்கப்பாட்டு காட்டுகின்றது. சட்டமோ கருவியைக் கண்டது. அதனை வைத்தவர் குளத்தையும் காத்தவர் என்பதைக் கண்டிலது. இன்று நாட்டுச் சிறுமீன்களைப் பேண முற்படுவோர், அவ்விரண்டனையும் மீளச் சேர்த்தெண்ணுதல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபாகும்.