சரளையில் கொட்டிய உழைப்பு

பஞ்சமி நிலம் என்றால் நாம் அரசாணையில் தொடங்கிப் பட்டாவில் முடித்துவிடுகிறோம். நடுவில் கிடக்கிற மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் ஜனங்களின் உழைப்பு வரலாறு.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தரிசு கேட்டு நம்மாள் மனுப் போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்றிருந்த காலம் அது. 1892 அரசாணையின்படி ஒதுக்கிய நிலத்தை 10 ஆண்டுகள் விற்கக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்கலாம்.

ஒதுக்கியது என்ன, ஏரிப்பாய்ச்சல் நஞ்சையா? தரிசு. அந்தப் பக்கத்துத் தரிசு பல இடங்களில் செம்மண் சரளை. மம்முட்டி போட்டால் 'ணங்'கென்று திருப்பியடிக்கும். பெய்த மழை நிற்காது. தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு கீழே போய்விடும். மணிச்சத்து இருந்தாலும் மண்ணிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்காது.

இதில் கேழ்வரகும் வரகும் விளைய வேண்டுமானால் முதலில் கல் பொறுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட வேண்டும். ஏரி வண்டல் அடித்தால் அதிலுள்ள களி ஈரத்தையும் சத்தையும் பிடித்து நிறுத்தும். கொழிஞ்சியை விதைத்து மடக்கி உழுதால் அதன் வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆட்டுக்கிடை போட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஆடு யாரிடம் இருந்தது? ஏரி யார் கையில் இருந்தது?

மானாவாரிக் கேழ்வரகுக்கு இன்றைய வேளாண் பரிந்துரை எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். ஏக்கருக்கு 5 டன். வண்டிமாடு இல்லாதவள் தலையில்தானே சுமக்கணும்? கூடைக்கு 25 கிலோ என்றால் 200 நடை. இது ஒரு ஏக்கருக்கு, ஒரு வருஷத்துக்கு. எந்தக் கணக்குப்பிள்ளை இதைக் குறித்து வைத்தான்?

மண் பதமான பிறகு கடனுக்கும் மிரட்டலுக்கும் எத்தனையோ நிலம் கைமாறியது. காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள்.

'சும்மா கிடந்த தரிசுதானே, நாங்கதான் காசு போட்டுத் திருத்தினோம்' என்கிறார்கள் இன்று வளைத்து வைத்திருப்பவர்கள். இதற்குப் பட்டா நகல் மட்டும் பதிலாகாது. கூடை சுமந்த கிழவிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். எந்த மேட்டில் கல் பொறுக்கினார்கள், வண்டல் எங்கிருந்து வந்தது, முதல் வெள்ளாமை என்ன என்று கேட்டு எழுதுவோம். நிலமீட்பு மனுவோடு அந்த வாக்குமூலமும் போகட்டும்.